மாவட்டம் வைக்க வேண்டிய பெயர்

கட்சிக்காரர்களுக்குப் பெயர் கிடையாது என்பதைக் கல்யாணமான புதிதில்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஒருவர் வந்து, "நகரம் வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்பார். நகரச் செயலாளர் என்பதன் சுருக்கம் அது. ஒன்றியச் செயலாளர் வந்தால் ஒன்றியம். வட்டச் செயலாளர் வட்டம். இவர்களுக்கெல்லாம் மேலே, திருநெல்வேலியில், வெள்ளைக் காரில் போய்வருகிற ஒருவர் இருந்தார். அவர் மாவட்டம். "மாவட்டம் கோபமா இருக்காரு", "மாவட்டத்துக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றெல்லாம் என் வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். பிறகு நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன்.

இதை எழுதும்போதும் அந்த வழக்கத்தையே வைத்துக்கொள்கிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. என் வீட்டுக்காரர் பெயரை நான் அந்தக் காலத்தில் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்ததால் கேலியாக "டீச்சர்" என்று ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஆக, எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. பிள்ளை ஒன்று பிறந்தால் அந்தக் குறை தீரும் என்று நினைத்தேன். மகள் பிறந்தாள், குறை தீரவில்லை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரைக்கும் அவள் பெயர் இல்லாமலே வளர்ந்தாள்.

நாங்கள் குடியிருந்தது சங்கரன்கோவிலில், தேர் நிற்கிற இடத்துக்குப் பின்பக்கத் தெருவில். அவருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஓர் உரக்கடை. மானாவாரியில் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர்கள் உரம் வாங்க வந்து, மழை வராததில் தொடங்கி பட்டா மாற்றித் தராத அதிகாரி வரைக்கும் பேசிவிட்டுப் போவார்கள். இவர் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பார். கேட்டதோடு விடாமல் அவர்களோடு தாலுகா ஆபீசுக்கும் நடப்பார். அப்படி நடந்து நடந்தே கட்சிக்குள் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துத் தொகுதி ஒன்றில் அவரை நிறுத்தினார்கள். எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். சீட்டு வாங்கிக் கொடுத்தவர் மாவட்டம். அவர் கை காட்டுகிற ஆளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் சீட்டு. என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் உட்பட.

ஜெயித்த பிறகு நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டார்கள். நான் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. முன்வரிசையில் பெண்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மேடையில் மாவட்டம் நடுநாயகமாக இருந்தார். என் வீட்டுக்காரர் பேச எழுந்தார். நன்றி சொன்னார், கண்கலங்கினார், மறுபடி நன்றி சொன்னார். கைதட்டல் கூடக் கூட அவருக்கு வேகம் கூடியது. அந்த வேகத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு மாவட்டம்தான் பேரு வைக்கணும். அவரு வாயால சொல்லுத வரைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பேரே கிடையாது."

விசில் பறந்தது. மாவட்டம் புன்னகையோடு தலையாட்டினார். கட்சிக் குடும்பங்களில் அது பெரிய மரியாதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையேறித் தலைவர்கள் கையில் கொடுத்துப் பெயர் கேட்பார்கள். யார் பெயர் வைத்தாரோ அவருடைய ஆள் என்று அந்தக் குடும்பத்தைச் சொல்லும் அளவுக்கு அதற்கு மதிப்பு. எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் சுமக்கிறவள் ஒருத்தி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்றேன். பேச்சு வாக்கில் வந்துவிட்டது என்றார். மேடையில் சொன்னதை இனி மாற்ற முடியாது என்றும் சொன்னார். மாற்றத்தான் முடியாது, அது எனக்கும் தெரிந்தது.

என் மனசில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பெண் பிறந்தால் இதுதான் என்று, பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

பெண்தான் பிறந்தாள். புளியங்குடியிலிருந்து என் மதினி, அதாவது அவருடைய அக்கா, ஒரு பை எலுமிச்சம்பழமும் வெள்ளி அரைஞாணும் கொண்டுவந்தாள். தொட்டில் கட்டி, பிள்ளையைப் போட்டு, காதில் பெயர் சொல்லக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன பெயர் என்று கேட்டாள். மாவட்டம் அடுத்த வாரம் வருகிறார், அதுவரை பாப்பா என்று கூப்பிடுவோம் என்றார் இவர். மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. பெயர் இல்லாமல் தொட்டிலில் போட்ட பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போனாள்.

அடுத்த வாரத்துக்காக ஒரு கவுன் தைத்தோம். ரோஸ் நிறத்தில், கழுத்தில் லேஸ் வைத்தது. எம்.எல்.ஏ. வீடென்று எங்களுக்கு ஃபோன் வந்திருந்தது, தெருவிலேயே முதல் ஃபோன். அதில் டிரங்க் கால் வந்தது. மாவட்டத்துக்கு வேறு இடத்தில் அவசர வேலை. அடுத்த மாதம் பார்க்கலாம். அடுத்த மாதம் கவுன் சிறிதாகிவிட்டது. இப்படியே ஒவ்வொரு தடவையும் அவர் வருவதாகச் செய்தி வரும், புதுக் கவுன் வரும், கடைசியில் அவர் வரமாட்டார். போடாத கவுன்கள் மதினி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்த நாட்களில் ராஜகுமாரிகளாகத் திரிந்தார்கள்.

இதற்கு நடுவில் அவருடைய எம்.எல்.ஏ. உத்தியோகம் நடந்துகொண்டிருந்தது. அது எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சட்டசபை என்பது வருஷத்தில் கொஞ்ச நாள்தான். செங்கோட்டை வண்டியில் ஏறி மெட்ராஸ் போவார், எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் தங்குவார், கைதூக்கச் சொன்னபோது கைதூக்குவார், திரும்பி வருவார். மற்ற நாளெல்லாம் எங்கள் வாசல் பெஞ்சில்தான் உத்தியோகம். விடிந்தும் விடியாமல் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கிணறு வற்றியவர், மகனுக்கு வேலை கேட்கிறவர், மருமகள் கோபித்துக்கொண்டு போனதற்குக்கூட எம்.எல்.ஏ. வந்து பேச வேண்டும் என்கிறவர். எல்லாருக்கும் காப்பி. அது முடிந்தால் ஜீப். கல்யாணம், காதுகுத்து, துட்டி வீடு. ஒரே நாளில் மாலையோடு ஒரு வீட்டுக்கும் துக்கத்தோடு அடுத்த வீட்டுக்கும் போவார். முகத்தை ஜீப்பிலேயே மாற்றிக்கொள்வார்.

சட்டசபையில் அவர் ஒழுங்காகப் பேசியது ஒரே தடவை. கரிசல் காட்டுக்குள் ஒரு கிராமம், மெயின் ரோட்டுக்கு வர ஓடை தாண்டி நடக்க வேண்டும். பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். அந்த ஊருக்கு பஸ் விட வேண்டும் என்று பேசினார். பேசுவதற்கு முன்னால் பல நாள் என் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று என்னைப் பார்த்துச் சொல்வார், நான் கீரை ஆய்ந்துகொண்டே உட்காருங்கள் என்பேன். பஸ் வந்தது. முதல் பஸ்ஸுக்கு ஊரே மாலை போட்டது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இந்த மனுஷனுக்கு வாய்த்தது நல்ல வேலைதான் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு இவரும் ஒரு மாவட்டம்தானே. பிள்ளையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துப் பெயர் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் வாழ்த்திப் பேசும்போது ஒரு வசனம் வைத்திருந்தார்: "மூத்த பிள்ளைக்கு நான்தான் பேரு வைப்பேன். நான் வரதுக்குள்ள யாரும் அவசரப்பட்டு வச்சிரக் கூடாது." பொண்ணு வெட்கப்படும், கூட்டம் சிரிக்கும், இவர் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார்.

பெயர்களுக்கு எங்கே போவார்? என்னிடம்தான். துண்டை எடுத்துத் தோளில் போடும்போதே, "டீச்சர், ஒரு பேரு சொல்லு, ஆம்பளப் பிள்ளை, சின்னதா வேணுமாம்" என்பார். நான் சொல்வேன். அதை ஜீப்பில் மனப்பாடம் செய்துகொண்டே போய் மேடையில் தானே யோசித்ததுபோல் சொல்லிவிடுவார். அந்த வட்டாரத்தில் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டுகிற எத்தனையோ பேருடைய பெயர்கள் என் அடுப்படியில் பிறந்தவை. என் மகளோ அந்த அடுப்படி வாசலில் பாப்பாவாக விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பெயரை மட்டும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் அதை ஒதுக்கிவிட்டு வேறு சொல்வேன்.

தொட்டிலாட்டும்போதாவது அதைச் சொல்லியிருக்கலாமே என்று மதினி பின்னாளில் கேட்டாள். சொல்லவில்லை. பெயர் என்றால் நாலு பேர் காதில் விழும்படி கூப்பிட வேண்டும். திருட்டுத்தனமாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அது வெளியே கசிந்தால் இவருடைய சீட்டுக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது. மாவட்டம் பெயர் வைத்துவிட்டால் அடுத்த தடவையும் சீட்டு உறுதி என்று இவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு அதே வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

மகளுக்கு நடக்க வந்ததும் என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். சேர்க்கவில்லை, சும்மா என் ஒன்றாம் வகுப்பில் முன்னால் உட்கார்ந்திருப்பாள். தினமும் வருகை எடுப்பேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். எல்லாம் முடிந்து நான் புத்தகத்தை மூடும்போது என் மகள் கேட்பாள், என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. உனக்கு இன்னும் பெயர் வரவில்லை என்பேன். எப்போது வரும் என்பாள். மாவட்டம் வரும்போது கொண்டுவருவார் என்று ஒருநாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன். அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஓர் ஆடித்தபசு அன்று மாவட்டம் உண்மையாகவே வந்துவிட்டார். அம்பாளின் தபசுக்காட்சியைப் பார்க்க ஊர் முழுக்கக் கூட்டம். ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. போலீஸ்காரர்கள் வழி விட்டு அவருடைய கார் எங்கள் பின்பக்கத் தெருவுக்கு வந்தது. மகளுக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு கவுன் தயாராக இருந்தது, அந்த ஒன்றுதான் அளவு சரியாக இருந்தபோதே அவள் உடம்பில் ஏறியது. மாவட்டம் உட்கார்ந்து மோர் குடித்தார். இவர் மகளைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் சுற்றி வந்து நின்றார்கள். என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் மாவட்டமா? எனக்குப் பேரு கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கன்னத்தைத் தட்டினார். பிறகு இவரைப் பார்த்து, கட்சித் தலைவரே தென்பக்கம் சுற்றுப்பயணம் வரப்போகிறார் என்றும், இந்தப் பிள்ளைக்கு அவர் கையாலேயே பெயர் வைத்துவிடுவோம், அதுதான் உங்களுக்கு மரியாதை என்றும் சொன்னார். என் வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். மாவட்டம் மகளை இறக்கிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கார் போனது. மகள் வாசலில் நின்று கார் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் ஏதோ மறந்துவிட்டார், எடுத்துக்கொண்டு திரும்பி வருவார் என்பதுபோல.

அன்று எனக்கு வந்த கோபத்தில் மோர்ச் செம்பு நெளிந்துவிட்டது. இவர் உள்ளே வந்து, டீச்சர், உனக்கு அரசியல் புரியவில்லை, தலைவரே பெயர் வைக்கிறதென்றால் சும்மாவா என்றார்.

"எனக்கு அரசியல் வேண்டாம். ஒரு பேரு போதும்" என்றேன்.

அவர் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தபசுக்காட்சி பார்க்கப் போய்விட்டார்.

நகரம் என்று சொன்னேனே, அவர் ஒரு டீக்கடைக்காரர், ஒல்லியான மனுஷர், எங்கள் வீட்டில் உரிமையோடு வந்து போகிறவர். மறுநாள் அவர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். "அக்கா, நான் சொன்னதா இருக்க வேண்டாம். பேரு வச்சிட்டா அந்தப் பிள்ளை அவரு பிள்ளை மாதிரி. அப்புறம் பிள்ளையோட அப்பனை அடுத்த தடவை கழட்டிவிட முடியுமா? அதான் அவரு வைக்கல. வைக்கவும் மாட்டாரு." இதை நான் இவரிடம் சொன்னேன், யார் சொன்னது என்று சொல்லாமல். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஊர் பேசுகிறதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவராதே என்றார். அவருக்கும் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே வந்திருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலைவரின் சுற்றுப்பயணம் எங்கள் பக்கம் வரவே இல்லை. அடுத்த தேர்தல் வந்தது. சீட்டு வேறு ஒருவருக்குப் போனது.

அதற்காக அவர் கட்சியை விட்டுப் போகவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. புது வேட்பாளரை அறிமுகப்படுத்துகிற கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே மாவட்டம், புது வேட்பாளரின் பேரனை மேடையிலேயே வாங்கி, மூச்சுவிடுகிற நேரத்தில் ஒரு பெயரை வைத்து மைக்கில் சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்காரரும் மேடையில் இருந்தார், கைதட்டினார். நகரம்தான் வந்து சொன்னார், சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை.

"நல்ல பேரு" என்றார்.

நான் என்னவெல்லாமோ கேட்க வைத்திருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் தோசை ஊற்றிக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

வாசல் பெஞ்சு காலியானது. இத்தனை நாள் அது வாசலில் இடத்தை அடைக்கிறது என்று நான் திட்டாத நாளில்லை. இப்போது அதில் தெரு நாய் படுத்தது. ஃபோன் அடிக்கவில்லை. ஒரு தடவை வாங்கிய காப்பிப்பொடி மாதக்கணக்கில் வந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் மட்டும் பழக்கத்தில் எம்.எல்.ஏ. என்றே கூப்பிட்டார்கள், அவரும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அதுவரை மதினியின் மகன் பார்த்துக்கொண்டிருந்த உரக்கடைக்கு மறுபடி போய் உட்கார்ந்தார். ஆனால் மூட்டை மேல் உட்காரவில்லை. நாற்காலி போட்டுக்கொண்டார்.

இந்த நிலையில் ஜூன் மாதம் வந்தது. மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற வயது. பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நான் இவரிடம் தீர்மானமாகச் சொன்னேன்: பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு நானே ஒரு பெயர் எழுதிவிடுவேன். அவர், மாவட்டத்துக்கு இன்னொரு தடவை ஃபோன் போட்டுப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டார். மனுஷனை அடிக்கலாம்போல் இருந்தது. பாவமாகவும் இருந்தது.

திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் யாரோ நாயை விரட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். புருஷனும் பொண்டாட்டியுமாக இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூட ஒரு பெண்குழந்தை, மூன்று வயது இருக்கும், தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கரிசல் கிராமத்துக்காரர்கள். எந்த ஊருக்காக இவர் சட்டசபையில் பேசினாரோ அந்த ஊர். அந்த பஸ்ஸிலேயே வந்திருந்தார்கள்.

இவருக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னாள். அவர்கள் கல்யாணத்துக்கு இவர் வந்தாராம். மூத்த பிள்ளைக்கு நான்தான் பெயர் வைப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், மெட்ராஸ் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். பிறகும் வந்திருக்கிறார்கள். ஜீப் எதிரே போவதைப் பார்த்துக் கைகாட்டியிருக்கிறார்கள், இவரும் ஜீப்பிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். எம்.எல்.ஏ. சொன்ன பிறகு வேறு யார் வைப்பது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். குட்டி என்று கூப்பிடுகிறார்களாம்.

இவர் நின்றுகொண்டேதான் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கை பெஞ்சின் முனையைத் தேடிப் பிடித்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் இப்ப எம்.எல்.ஏ. இல்லையே தாயி" என்றார்.

"அதான் வந்தோம்யா. இப்பத்தான் வீட்ல இருப்பீகன்னு சொன்னாக" என்றாள் அந்தப் பெண்.

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளபடி சொன்னாள். ஆனால் நான் இத்தனை வருஷம் திட்டியும் உறைக்காதது அவருக்கு அந்த ஒரு வார்த்தையில் உறைத்துவிட்டது. தனக்கு ஒருவர் செய்ததைத் தான் எத்தனை வீட்டுக்குச் செய்திருக்கிறோம் என்று அவர் அப்போது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கல்யாண வசனத்துக்கு நானும் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். அது கேட்கிறவர்களை இப்படிக் கட்டிப்போடும் என்று மற்ற யாருக்கும் தெரியாவிட்டாலும் எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பழைய வழக்கப்படி அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு பெயர் சொல்லு டீச்சர் என்று கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பேரு நெனச்சு வச்சிருந்தே, தாயி?" என்று கேட்டார்.

அவள் திகைத்துப்போய்த் தன் புருஷனைப் பார்த்தாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை, நீங்கள் சொன்னால் சரி என்றாள். நினைத்திருப்பாய், சொல்லு என்றார் இவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். அவள் புருஷனே அதை அன்றுதான் முதலில் கேட்கிறான் என்பது அவன் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. இவர் எழுந்தார். குழந்தையைத் தூக்கி, அந்தப் பெயரைக் காதில் சொல்லி, பிறகு தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். மைக் இல்லாமல் அவர் அவ்வளவு பலமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் மகள் இதையெல்லாம் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த குழந்தை இறங்கியதும், தானும் போய் அவர் முன்னால் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் தன் முறை வந்ததுபோல் நின்றாள், அவ்வளவுதான்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீ என்ன நெனச்சிருந்தே?" என்றார். வழக்கமாகக் கூப்பிடுகிற டீச்சர் என்ற சொல்கூட இல்லை.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கி, அந்தப் பெயரையும் தெருவுக்குக் கேட்கச் சொன்னார். கிராமத்துப் பெண் நல்லாருக்கு என்றாள். எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மாவட்டம் குடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள் மகள்.

"இல்ல மக்கா. இவ்வளவு நாளும் உங்க அம்மாகிட்டயேதான் இருந்திருக்கு" என்றார்.

அவர் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கேட்டார்கள், மறுத்துவிட்டார் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். யாரும் கேட்கவில்லை, அதுதான் நிஜம். ஆனால் அந்த வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கரிசல் ஊர்களுக்குப் போனார். தான் வாக்குக் கொடுத்த கல்யாண வீடுகள் நினைவுக்கு வரவர ஒவ்வொன்றாகப் போய், பிள்ளை பிறந்ததா, பெயர் வைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். பெரும்பாலும் வைத்திருந்தார்கள். ஐயா, நீங்கள் சும்மா சொன்னீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்று சிரித்தார்களாம். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளுக்குப் பெயர் வைத்த மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறந்தது. தலைமையாசிரியையிடம் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். மகள் வழக்கமான இடத்தில் முன்னால் உட்கார்ந்தாள். நான் வருகை எடுத்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வகுப்பில் யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், யார் அது என்பதுபோல் அவள் பின்னால் திரும்பித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முகம் என் பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, அவளைப் பார்த்தே மூன்றாம் தடவை கூப்பிட்டேன். அவள் கண் விரிந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள்.

புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே வருகைக் குறி போட்டுவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.